கிராம சபையில் படமும் ஒலியும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



இன்று காலையில் வரி வசூலைப் பற்றியும் குடிநீர்த் தொட்டிகளின் பராமரிப்பைப் பற்றியும் விரிவாகப் பேசினோம். அவற்றோடு ஒப்பிட்டால், இப்பொழுது எடுத்துக்கொள்ளப்போகும் விஷயம் மிகச் சிறியதாகத் தோன்றலாம். புரொஜெக்டரைக் கணினியோடும், வீடியோக் கருவிகளோடும், மைக் செட்டோடும் பிழையின்றி இணைப்பது எவ்வாறு என்பதே அது. "இதற்கு ஒரு கூட்டமா? கல்யாணத்துக்கு மைக் கட்டுகிற தம்பியைக் கூப்பிட்டால் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்" என்று பின்வரிசையில் சிலர் பேசிக்கொண்டது எங்கள் காதிலும் விழுந்தது. அந்தத் தம்பியைக் கூப்பிடுவதை நாங்கள் தடுக்கவில்லை. கிராம சபை கூடும் நாளில் அவருக்கு வேறு ஊரில் கல்யாணம் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதே எங்கள் கேள்வி.

இதில் எங்களுக்கு அக்கறை பிறந்த வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். ஓர் ஊராட்சியில் வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிகள் பட்டியல் கிராம சபையில் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் வேகமாக வாசித்தார். கூட்டமும் கைதட்டி ஏற்றுக்கொண்டது. தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்குச் சுற்றி வந்துகொண்டிருந்தது. புரொஜெக்டர் அந்த நேரத்தில்தான் ஒருவாறு வேலை செய்யத் தொடங்கிற்று. வீணாகக் கொண்டுவந்ததாக இருக்கவேண்டாமே என்று அதே பட்டியலைச் சுவரில் காட்டினோம். பள்ளிக்கூடத்துச் சிறுமி ஒருத்தி எழுந்து, "எங்க ஆயா பேருக்கு நேரே வேற யாரோ தாத்தா பேரு இருக்குதுங்க ஐயா" என்றாள். அவ்வூரில் ஒரே பெயருடைய மூதாட்டியர் இருவர். கணவர் பெயர் மாறி அச்சாகியிருந்தது. காதால் கேட்டபொழுது ஒருவருக்கும் தோன்றாத பிழை, கண்ணால் கண்டபொழுது பத்து வயதுச் சிறுமிக்குத் தெரிந்தது. புரொஜெக்டர் இன்னும் அரைமணி நேரம் மக்கர் செய்திருந்தால், கூரை வீட்டில் இருக்கும் ஓர் அம்மையாருக்கு வரவேண்டிய வீடு வராமற் போயிருக்கும். அன்றிலிருந்து கேபிள் விஷயத்தை அற்பமாக நினைப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

கிராமத்துக்குப் படம் காட்டுவது நமக்குப் புதிதன்று. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலந்தொட்டே, 16 மில்லிமீட்டர் படக்கருவிகள் வண்டியேறி ஊர் ஊராகச் சென்றன. 1948-இல் தோன்றிய பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப் படங்களை வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் பார்த்த பெரியவர்கள் இந்தச் சபையிலும் இருக்கக்கூடும். அக்கருவியில் ஒரு சௌகரியம் இருந்தது. படமும் ஒலியும் ஒரே பிலிம் சுருளில் பதிந்திருந்தன. சுருளை மாட்டினால் இரண்டும் சேர்ந்தே வரும். இக்காலத்தில் படம் ஒரு வழியாகவும் ஒலி மற்றொரு வழியாகவும் போகக்கூடும். நம் தொல்லைகளிற் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

கருவியை இணைப்பதற்கு முன் இடத்தைப் பாருங்கள். புரொஜெக்டரால் வெளிச்சத்தைத்தான் வீச முடியும். கறுப்பை வீச முடியாது. சுவரில் ஏற்கெனவே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறதோ, அதுவே படத்தின் கறுப்பு. 2022 முதல் நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெரும்பாலும் பகலிலேதான் கூட்டம். எனவே ஆலமரத்தடியில் கூடுவதாக இருந்தால் புரொஜெக்டரை எடுத்துச் செல்லவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சடித்து மரத்தில் கட்டுவது அதைவிட மேல். சமுதாயக் கூடமோ பள்ளிக் கட்டடமோ கிடைத்தால், சன்னல்களை அடைத்து, சூரிய வெளிச்சம் நேரே விழாத சுவரைத் தேர்ந்தெடுங்கள். பெரிய படம் வேண்டுமென்று கருவியைப் பின்னுக்குத் தள்ளுவோரும் உண்டு. அகலமும் உயரமும் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிறது. அதே வெளிச்சம் அத்தனை பரப்பிலும் பரவவேண்டியிருப்பதால் படத்தின் பிரகாசம் கால் பங்காகிவிடும். ஏழைக் குடும்பத்துக் கூழைப்போல, விருந்தினர் பெருகப் பெருக நீர்த்துப் போகும்.

இனி இணைப்பு. புரொஜெக்டரின் பின்புறத்தில் பல துளைகள் இருப்பினும், நமக்கு முக்கியமானவை இரண்டே. ஒன்று வி.ஜி.ஏ. எனப்படுவது. பெரும்பாலும் நீல நிறத்தில், இரு பக்கமும் திருகாணிகளோடு இருக்கும். மூன்று வரிசையில் பதினைந்து ஊசிகளுக்கு இடம் உண்டு. 1987-இல் வந்த ஏற்பாடு இது. சில கேபிள்களில் நடுவரிசையில் ஓர் ஊசி இராது. உடைந்துவிட்டதென்று கலங்கவேண்டாம், செய்யும்பொழுதே அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஊசி வளைந்திருந்தால் படம் மஞ்சளாகவோ ஊதாவாகவோ வரும். வளைந்த ஊசியோடு பலவந்தமாக அழுத்தினால் புரொஜெக்டரின் துளையும் பாழாகும். மற்றொன்று எச்.டி.எம்.ஐ. தட்டையானது, திருகாணி கிடையாது. வி.ஜி.ஏ. படத்தை மட்டும் சுமக்கும், எச்.டி.எம்.ஐ. படத்தையும் ஒலியையும் சேர்த்தே சுமக்கும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

புதிய மடிக்கணினியில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருக்க, ஊராட்சியின் பழைய புரொஜெக்டரில் வி.ஜி.ஏ. மட்டும் இருக்கலாம். இடையில் போடுவதற்கு மாற்றுக் கருவி கடையில் கிடைக்கிறது. வாங்கும்பொழுது திசையைச் சொல்லி வாங்குங்கள். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றுவது வேறு, வி.ஜி.ஏ.விலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறு. கிணற்றுக்குள் நீர் போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதைப் போன்றது இது. எங்கள் அலுவலக அலமாரியில் தவறான திசையில் வாங்கியது ஒன்று இன்னும் புத்தம் புதிதாக இருக்கிறது.

கேபிளை மாட்டியபின் "சிக்னல் இல்லை" என்று வந்தால் பதற்றம் வேண்டாம். புரொஜெக்டரில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்னும் பொத்தானை அழுத்தி, எந்தத் துளையில் கேபிள் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். அப்பொழுதும் வரவில்லையெனில், கணினியில் விண்டோஸ் முத்திரையுள்ள பொத்தானையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். நான்கு வழிகள் தோன்றும்: கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒரே படம், திரையை விரித்தல், இரண்டாவது திரை மட்டும். பலரும் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து நிம்மதி அடைகிறார்கள். நாங்கள் மூன்றாவதைச் சிபாரிசு செய்கிறோம். காரணம் இருக்கிறது. இரண்டிலும் ஒரே படம் என்றால், நாம் கோப்பைத் தேடுவது, வாட்ஸ்அப் செய்தி வந்து விழுவது, ஒருவருடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும் தாள் திறந்துகொள்வது எல்லாமே ஊருக்குத் தெரியும். ஊராட்சியின் கணக்கை ஊர் பார்க்கவேண்டியது கடமை. ஒரு விதவையின் வங்கிக் கணக்கு எண்ணை ஊர் பார்ப்பது கடமையன்று. விரித்தல் முறையில், நாம் தள்ளிவிடும் தாள் மட்டுமே சுவருக்குப் போகும்.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியலைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று வேறு கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பூச்சி ஊர்ந்ததுபோல் குறிகள் வரும். புறப்படுமுன்பே அதை பி.டி.எப். கோப்பாக்கிக்கொள்ளுங்கள்.

இப்பொழுது ஒலிக்கு வருவோம். எங்கள் மானம் போனது இதிலேதான்! மண்வளத்தைப் பற்றிய நல்லதொரு படத்தை ஒரு சிற்றூரில் காட்டினோம். எச்.டி.எம்.ஐ. கேபிளை மாட்டியதும் கணினி தன் ஒலியையெல்லாம் புரொஜெக்டருக்கு அனுப்பிவிட்டது. புரொஜெக்டருக்குள் இருப்பதோ தீப்பெட்டியளவு ஸ்பீக்கர். முன்வரிசைக் குழந்தைகளுக்கு மட்டும் கேட்டது. விஷயம் தேவைப்பட்ட விவசாயிகளோ பின்னால் நின்றார்கள். படம் முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "ஊமைப் படம் காட்டவாங்க ஐயா எங்களைக் களைவெட்டை நிறுத்திட்டு வரச் சொன்னீங்க?" என்றார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. ஒருநாள் கூலியை விட்டு வந்தவர்கள் அவர்கள்.

பரிகாரம் எளிது. கணினித் திரையின் வலப்பக்க மூலையில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால், ஒலி எங்கே போகவேண்டும் என்று கேட்கும். புரொஜெக்டரை விடுத்துக் கணினியின் சொந்த ஒலியைத் தேர்ந்தெடுத்து, ஹெட்போன் துளையிலிருந்து மைக் செட்டின் ஆம்ப்ளிபயருக்கு ஒரு ஒயர் கொடுங்கள். அங்கே எந்தத் துளை என்பதுதான் முக்கியம். மைக் துளையில் செருகாதீர்கள். மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் அளவே. கணினியிலிருந்து வருவதோ அதைப்போல நூறு மடங்குக்கும் மேலாக இருக்கக்கூடும். வாய்க்காலுக்குப் போட்ட மதகில் ஏரித் தண்ணீரைத் திறந்தாற்போல் ஒலி கரகரத்துப் பிளந்து, பேச்சு ஒன்றும் விளங்காது. 'ஆக்ஸ்' அல்லது 'லைன்' என்று எழுதியிருக்கும் துளையே சரியானது. நம் ஊர் ஆம்ப்ளிபயர்கள் பலவற்றில் ஆக்ஸ் துளை ஒன்றே இருக்கும். கணினியின் ஒயருக்கோ சிவப்பு, வெள்ளை என இரு தலைகள். ஒன்றை மட்டும் செருகினால் சில படங்களில் பேசுபவர் குரல் காணாமற்போய் இசை மட்டும் கேட்கும். விண்டோஸ் அமைப்பில் 'மோனோ ஆடியோ' என்பதை இயக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாய்க் கலந்து வரும்.

அடுத்தது, 'ம்ம்ம்' என்று விடாமல் கேட்கும் இரைச்சல். கணினி ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிபயர் வேறொரு பிளக்கிலும் இருந்தால், இரண்டின் எர்த் இணைப்புகளுக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு ஏற்பட்டு, அது ஒயர் வழியே ஒலியிற் கலக்கிறது. சோதிக்க எளிய வழி: மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அதுவே. பேட்டரியிலேயே கூட்டத்தை முடித்துவிடலாம். அல்லது எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகலாம். அதிலும் தீராவிட்டால், ஒலி ஒயரின் நடுவே போடும் சிறு ஐசொலேட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சிலர் செய்யும் வேறொரு வேலை உண்டு. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடுகிறார்கள், அல்லது அதன் ஒயரை அறுத்துவிடுகிறார்கள். இரைச்சல் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் என்றைக்காவது ஆம்ப்ளிபயரின் உள்ளே மின்கசிவு ஏற்பட்டால், அதன் இரும்புப் பெட்டியும் அதனோடு இணைந்த மைக்கின் உலோக உடலும் மின்சாரம் ஏறி நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, மைக்கைக் கையில் பிடித்துக் கேள்வி கேட்க வருகிறவர் யார்? நம் ஊர் அம்மாவோ அண்ணனோதான். எர்த் பின் உடைந்த பிளக்கைக் கண்டால் கூட்டத்தைத் தாமதித்தாவது மாற்றுங்கள். இந்த ஒன்றில் எங்களிடம் சலுகை கிடையாது.

மற்றக் கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய டி.வி.டி. பெட்டியில் மஞ்சள் தலை படத்துக்கு. அது புரொஜெக்டருக்குப் போகட்டும். வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. அவை ஆம்ப்ளிபயருக்குப் போகட்டும். பென் டிரைவைப் புரொஜெக்டரிலேயே செருகும் வசதி இருந்தால், அது எப்.ஏ.டி. 32 முறையில் அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். பல கருவிகளுக்கு அதுதான் படிக்கத் தெரியும். அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. கைப்பேசியைக் கேபிளில் இணைக்கலாமா என்று கேட்கிறீர்கள். சார்ஜர் துளை ஒன்றுபோல் இருந்தாலும் எல்லாக் கைப்பேசியும் அதன் வழியே படத்தை வெளியே அனுப்பாது. கடைக்காரர் பேச்சை நம்பாமல் கைப்பேசியைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள். ஒயர் இல்லாமல் காட்டும் முறையும் உண்டு. கூட்டத்தின் நடுவில் அது அறுந்துபோவதைப் பலமுறை பார்த்துவிட்டதால், நாங்கள் கேபிளையே நம்புகிறோம். வேளாண்மைப் படங்களை முதல் நாளே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைக்கும் மாடியில் புரொஜெக்டரும் இராது, கூட்டமும் இராது.

ஜெனரேட்டரை உபயோகித்தால், அது ஓடி நிலைப்பட்டபின் புரொஜெக்டரைப் போடுங்கள். விளக்கு வகைப் புரொஜெக்டராயின், கூட்டம் முடிந்ததும் சுவிட்சைப் பட்டென்று அணைக்கக் கூடாது. கருவியின் பொத்தானை அழுத்தி, உள்ளே விசிறி சுழன்று நிற்கும்வரை காத்திருக்கவேண்டும். சூட்டோடு தூக்கினால் விளக்கின் ஆயுள் குறையும். புது விளக்கின் விலையைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவதற்குள் அடுத்த கிராம சபை வந்துவிடும்.

பக்கத்து மேசைமீது பழைய புரொஜெக்டர் ஒன்றும், புதியது ஒன்றும், மைக் செட்டும், வேண்டுமென்றே கலைத்துப் போட்ட கேபிள்களும் இருக்கின்றன. ஊராட்சிக்கு இருவராக வாருங்கள். முதலில் பெண் உறுப்பினர்கள் வரட்டும். சென்ற முகாமில் ஆண்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டு அவர்களுக்கு இடமே விடவில்லை. தேநீர் தயாராக இருக்கிறது. ஆனால் சுவரில் படமும் ஸ்பீக்கரில் ஒலியும் வந்த பிறகே தேநீர்.