கதிரும் மணியும்



குன்றாண்டார்கோவிலில் கூடிய அவைக்குப் பாறையிலிருந்து பேச்சைத் தொடங்குவதே பொருத்தம். இவ்வூர்க் குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் கருவறை கண்டனர். பின்வந்தோர் அதன் முன்னே குதிரையும் சக்கரமும் பூண்ட தேர் வடிவில் மண்டபம் எழுப்பினர். கருங்கல் வெறும் சடப்பொருள் அன்று. அதனுள் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் உண்டு. அவை ஓயாமல் கதிர் வீசுகின்றன. காற்றை மின்னேற்றும் கதிர்வீச்சு முழுவதும் இவ்வாறு நிலத்திலிருந்தே எழுகிறது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலோர் கருதினர். 1912 ஆகஸ்ட் 7 அன்று விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறி அளந்தார். நிலத்தை விட்டு விலகுந்தோறும் குறையவேண்டிய கதிர்வீச்சு, உயரே செல்லச் செல்ல மிகுந்தது. அதன் ஒரு பகுதி வானிலிருந்து இறங்குகிறது என்பது அன்று புலனாயிற்று.

அதற்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயரில் 'ரே' என்னும் சொல் பிழைபட நின்றது. வருவது ஒளி அன்று, பெரும்பாலும் அணுக்கருக்கள். எனவே 'அண்டக்கதிர்' என்பதை 'அண்டத்துகள்' எனத் திருத்தலாமே என எவரேனும் கேட்கலாம். வேண்டுவதில்லை. ஞாயிற்றின் கதிரும் கதிரே. நெல்லின் கதிரும் கதிரே. மணி திரண்டு நிற்பதும் தமிழில் கதிர்தான். அங்கே பிழையான சொல் இங்கே பொருந்திவிடுகிறது. தற்செயல்தான், ஆயினும் கவிஞர் கைநழுவ விடத்தக்க தற்செயல் அன்று.

மணிகளைப் பிரித்து எண்ணினால், 100க்கு ஏறக்குறைய 90 ஹைட்ரஜன் கருக்கள், அதாவது புரோட்டான்கள், 9 ஹீலியம், எஞ்சிய ஒன்றில் கரிமம், ஆக்சிஜன், இரும்பு முதலிய அனைத்தும் அடக்கம். இவை மின்னூட்டம் உடையன. ஆதலால் விண்வெளியின் காந்தப்புலங்கள் இவற்றின் வழியை வளைத்து வளைத்துத் திசையை அழித்துவிடுகின்றன. வந்த திசை கொண்டு ஊரை அறிய இயலாது. கொண்டுவந்த சரக்கைக் கொண்டே அறிய வேண்டும்.

அச்சரக்கில் வியப்புக்குரியது குருணை. லித்தியம், பெரிலியம், போரான் ஆகிய மூன்றும் சூரிய மண்டலத்தில் மிக அரியன. அண்டக்கதிரிலோ, பிற தனிமங்களோடு ஒப்பிட, அவற்றின் பங்கு இலட்சம் மடங்கு அளவுக்கு மிகுந்துள்ளது. கரிமமும் ஆக்சிஜனும் வழியில் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வாயுவில் மோதி உடைந்ததால் விளைந்த நொய்கள் இவை. உரலைப் பாராமலே, முழு அரிசிக்கு நொய் எவ்வளவு என்று பார்த்துக் குத்தின குத்தை அறிபவள் நம் வீட்டுப் பாட்டி. போரானுக்கும் கரிமத்துக்கும் உள்ள விகிதத்தால் ஆய்வாளர் அறிவதும் அதுவே. பெரிலியம்-10 என்னும் கதிரியக்க வகையின் அரை ஆயுள் ஏறக்குறைய 14 இலட்சம் ஆண்டுகள். அதில் எவ்வளவு எஞ்சியுள்ளது எனக் கணக்கிட்டு, இத்துகள்கள் நம் பால்வெளி மண்டலத்தில் ஒரு கோடி ஆண்டுக்கு மேல் அலைந்தவை என்கின்றனர். ஆற்றல் மிகுந்தவற்றில் குருணை குறைவு. அவை விரைவில் தப்பிச் செல்கின்றன.

இனி ஆற்றல். ஆற்றல் பத்து மடங்கு உயர்ந்தால் துகள்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 50 மடங்கு குறைகிறது. ஏறக்குறைய 3,000 இலட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட் அருகே அச்சரிவு மேலும் செங்குத்தாகிறது. அவ்வளைவுக்கு 'முழங்கால்' என்று பெயர். அங்கே ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு ஒரு துகள்தான் விழும். இன்னும் ஆயிரம் மடங்குக்கு மேல் சென்றால் சரிவு சற்றுத் தணிகிறது, அது 'கணுக்கால்'. 1991இல் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒரு துகளின் ஆற்றல், 5 கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரம் தூக்கப் போதுமானது. ஒரே ஒரு மணி, அவ்வளவு பாரம்!

முழங்காலில் ஆற்றலும் சரக்கும் ஒன்றையொன்று தொடுகின்றன. துகளை முடுக்குவதும் கட்டிவைப்பதும் காந்தப்புலம். மின்னூட்டம் மிகுந்த கருவை அது மிகுந்த ஆற்றல் வரை பிடித்துவைக்கும். எனவே புரோட்டான் முதலில் குன்ற வேண்டும். இரும்பு அதனினும் 26 மடங்கு ஆற்றலில் குன்ற வேண்டும். இதைச் சோதிக்க, வரும் கரு புரோட்டானா இரும்பா என அறிய வேண்டும். துகள் இவ்வளவு அரிதாகிவிட்ட நிலையில் செயற்கைக்கோளின் சிறு கருவி போதாது. மண்ணிலேதான் வலை விரிக்க வேண்டும்.

அவ்வலை விரிந்திருப்பது உதகமண்டலத்தில். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'கிரேப்ஸ்-3', ஜப்பானியர் கூட்டுறவுடன் இயங்குவது. 2,200 மீட்டர் உயரத்தில், 25,000 சதுர மீட்டரில், ஏறக்குறைய 400 உணர்கருவிகள். அருகே 560 சதுர மீட்டரில் மியூவான் தொலைநோக்கி; 3,712 இரும்புக் குழாய்களால் ஆனது. வானில் கரு ஒன்று காற்றில் மோத, துகள் மழை பொழிகிறது. ஆற்றல் ஒன்றே ஆயினும் இரும்பு பொழியும் மழையில் மியூவான் மிகுதி. புரோட்டான் மழையில் குறைவு. நெல்லை நிறுக்காமல் பதரை எண்ணி இனம் காண்பது போன்ற வேலை.

2024இல் அக்குழுவினர் வெளியிட்ட முடிவு: புரோட்டான்களின் சரிவு முழங்கால் வரை ஒரே சீராய்ச் செல்லவில்லை, 166 இலட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட் அருகே தணிகிறது. ஒரே நேர்கோடு என்று கொண்டிருந்த கருத்து நீலகிரியில் ஆட்டம் கண்டது. அம்முடிவு வெளிவந்தது ஆங்கில ஆய்விதழில். கண்டுபிடிப்புக்கு அது இயல்பே. பெயரிடுவதற்கும் ஆங்கிலத்தையே எதிர்நோக்குவது இயல்பாகாது.

முழங்கால், கணுக்கால் என ஆற்றல் ஏற ஏற அங்கம் கீழிறங்குகிறது. கேசாதிபாத முறைதான் அது. உதகையில் கண்ட வளைவு முழங்காலுக்கு மேலே உள்ளது. தொடை என்பதா, இடை என்பதா? கணுக்காலைப் போல இங்கும் சரிவு தணிகிறது என்பது அப்பெயரில் தோன்ற வேண்டும். கேசாதிபாதம் பாடிய மொழியில் அதற்குச் சொல் தேடும் பொறுப்பு இவ்வவையிலுள்ள கவிஞர்களுடையது.