கேட்பது இழுக்கன்று
(ஆலயத் திருவிழாவை முன்னிட்டு, லூபோக் சீனா ஆலய மண்டபத்தில் பெற்றோர், மாணவர் முன்னிலையில் ஆற்றிய உரை)

 

அர்ச்சனைத் தட்டுடன் வரும் பெற்றோர், பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, தேர்வில் தேற வேண்டும் என்று உருகி வேண்டுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அந்த வேண்டுதல் நல்லதே. ஆயினும், இரவு ஒன்பது மணிக்குக் கணிதப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வழி தெரியாமல் விழிக்கும் பிள்ளைக்கு வீட்டில் துணை யார்? இதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விழைகின்றேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்ற பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் பாடமொழி மலாயாகிறது. 2003-ஆம் ஆண்டு கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. இந்த மாற்றங்களுக்கிடையே, ‘விசை’ என்று கற்ற பிள்ளை ‘டாயா’ என்பதைக் கண்டு திகைக்கிறான். ‘முடுக்கம்’ என்பதும் ‘பெச்சுத்தான்’ என்பதும் ஒன்றே என அறியாமல் தடுமாறுகிறான். பல வேளைகளில் அவனுக்குத் தெரியாதது பாடமன்று, சொல்லே. ஆகவே மலாய், தமிழ், ஆங்கிலம் என மூன்று கட்டங்கள் வரைந்த ஒரு சொற்குறிப்பேடு ஒவ்வொரு மாணவனிடமும் இருத்தல் நலம்.

அடுத்து, நான் செய்த ஒரு தவற்றை இச்சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு தோட்டத்து மாணவன் ஒருவனுக்கு மாலை வேளைகளில் வீட்டுப்பாடத்தில் உதவி வந்தேன். அவன் கணக்கை நீட்டுவான். நான் மளமளவென்று செய்து கொடுப்பேன். அவன் பார்த்து எழுதிக்கொள்வான். அவனது பயிற்சி நூல் முழுவதும் சரி என்ற குறியே இருந்தது. தேர்வு மண்டபத்திலோ அவன் வெற்றுத்தாளோடு அமர்ந்திருந்தான். அறிவியல் பிரிவே தனக்கு வேண்டாம் என்று விலகியும் போனான். குறை அவனுடையதன்று, என்னுடையது. விடையைக் கொடுத்தேன், வழியைக் கொடுக்கவில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகின்றேன். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து 10 விநாடியில் நிற்கிறது. அதன் எதிர்முடுக்கம் என்ன? பிள்ளை 72-ஐ 10-ஆல் வகுத்து 7.2 என்று எழுதுகிறான். “தவறு, விடை 2” என்று சொல்வதால் அவனுக்குப் பயனில்லை. “நேரம் விநாடியில் உள்ளது, வேகம் எந்த அலகில் உள்ளது?” என்று கேட்டால் போதும். 72,000 மீட்டரை 3,600 விநாடியால் வகுத்து, விநாடிக்கு 20 மீட்டர் என்று அவனே கண்டுகொள்வான். விடை 2 தானே வரும்.

இரசாயனத்திலும் அவ்வாறே. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் சமன்பாட்டில், ஒரு பக்கம் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள், மறுபக்கம் ஒன்று என்று இருப்பதைக் கண்ட பிள்ளை, நீரின் வாய்பாட்டிலேயே ஓர் ஆக்சிஜனைச் சேர்த்துவிடுகிறான். அவ்வாறு செய்தால் அது நீராக இராது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும். மாற்ற வேண்டியது மூலக்கூறுகளின் எண்ணிக்கையே என்பதை ஒருமுறை தானே உணர்ந்த பிள்ளை பின்னர் மறக்கமாட்டான்.

மாணவச் செல்வங்களே! “இந்தக் கணக்குத் தெரியவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். கேள்வியை முழுமையாக எழுதுங்கள், கொடுக்கப்பட்டவை எவை, கேட்கப்பட்டது எது என்று பிரியுங்கள், படம் வரையுங்கள், நீங்கள் முயன்ற வரையில் எழுதிக் காட்டி, “இவ்விடத்தில் நின்றுவிட்டேன்” என்று கேளுங்கள். கணித மேதை இராமானுஜன், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது, 1913-ஆம் ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு மடல் எழுதினார். வெறும் விண்ணப்பமாக அன்று. தாம் கண்ட முடிவுகளைப் பக்கம் பக்கமாக இணைத்து அனுப்பினார். நாமகிரித் தாயாரை வணங்கிய அம்மேதையே பிறரிடம் கேட்கக் கூசவில்லை; நாம் ஏன் கூச வேண்டும்?

பெற்றோர்களே! “நாங்கள் படிக்காதவர்கள்” என்று ஒதுங்காதீர்கள். ரப்பர்ப் பாலில் ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் உறையும், அம்மோனியா சேர்த்தால் உறையாது என்பது தோட்டத்தில் உழைத்த கைகளுக்குத் தெரியும். பாலிலுள்ள ரப்பர்த் துகள்களைச் சுற்றியிருக்கும் எதிர்மின்னூட்டத்தை அமிலம் நடுநிலையாக்குவதால் அவை ஒன்றுசேர்கின்றன என்பதே பிள்ளை படிக்கும் இரசாயனப் பாடம். அவன் பாடத்தை உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும், நீங்கள் “ஏன்?” என்று கேளுங்கள். விளக்க முடியாத இடமே அவனுக்கு விளங்காத இடம்.

நம் நாட்டில், மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த டாக்டர் தம்பிராஜா அவர்கள் 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பக்தியும் கல்வியும் இணைந்து நடக்க முடியும் என்பதைக் காட்டியது. அதன் மாணவர்கள் பத்துமலைக்குக் கல்வி யாத்திரை மேற்கொண்டதை நம்மில் பலர் அறிவோம். பெருநகரங்களில் துணைப்பாட வகுப்புகள் பல உண்டு. நம்மைப் போன்ற சிற்றூர்ப் பிள்ளைகளுக்கோ போக்குவரத்தும் கட்டணமும் தடையாகின்றன.

ஆதலால் செயலவையினருக்கு ஒரு விண்ணப்பம். திருவிழா முடிந்தபின் இம்மண்டபத்தில் வாரம் இரு மாலைகள் விளக்கெரியட்டும். நான்கு மேசைகளும் ஒரு கரும்பலகையும் போதும். ஐந்தாம் படிவம் முடித்த அண்ணன்மாரும் அக்காமாரும் தம்பி தங்கையருக்கு உதவட்டும். விதி ஒன்றே: விடையைச் சொல்லக்கூடாது, அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். “இதுகூடத் தெரியாதா?” என்ற சொல் மட்டும் இம்மண்டபத்தில் ஒலிக்கவே கூடாது.

அன்று நான் இழந்த அந்த மாணவனைப் போல் இன்னொருவனை நாம் இழக்கலாகாது. அன்னதானத்திற்கு அள்ளிக் கொடுக்கும் கைகள், அறிவுப்பசிக்கும் ஒரு மணி நேரம் கொடுக்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு நல்லருள் புரிவானாக!