கட்டடத்தின் திறவுகோல் யார் கையில்?

(ஆண்டு விழாவிலே பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வணிகக் கட்டடங்களை இணைய வலையமைப்பின் மூலம் இயக்குவதும் பராமரிப்பதும் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளேன். வானளாவும் மாளிகைகள் நிறைந்த கொழும்புக்கன்றோ இது பொருந்தும், வன்னிக்கு இதனால் யாது பயன் என்று சிலர் எண்ணக்கூடும். 2009ஆம் ஆண்டின் பின் ஏ-9 வீதியின் இருமருங்கிலும் எழுந்த கட்டடங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வங்கிகள், பேரங்காடிகள், விடுதிகள் ஆகிய இவை குளிரூட்டியும் நீர்ப்பம்பியும் மின்பிறப்பாக்கியும் இன்றி ஒருநாளேனும் செவ்வனே இயங்கமாட்டா. ஆகவே இது நமது விடயமுமாகும்.

குளத்தோடு வாழும் மக்களுக்கு இதன் தத்துவம் புதிதன்று. அளவுகோலில் நீர்மட்டத்தைப் பார்க்கிறோம், பயிருக்கு எவ்வளவு வேண்டுமெனத் தீர்மானிக்கிறோம், துருசைத் திறக்கிறோம், மீண்டும் மட்டத்தைப் பார்க்கிறோம். இந்நான்கு செயல்களுமே தன்னியக்கத்தின் சாரம். கட்டடத்திலே கண்ணாக இருப்பவை வெப்பத்தையும் ஈரப்பதனையும் ஆள்நடமாட்டத்தையும் அறியும் உணரிகள். மூளையாக இருப்பது ஒரு சிறு கணினி. கைகளாக இருப்பவை மோட்டார்களும் வால்வுகளும் ஆளிகளும்.

இதற்கு வித்திட்டவர் ஓர் ஆசிரியர் என்பது நாம் மகிழத்தக்கது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே வைற்வோட்டர் என்னும் ஊரில் ஆசிரியராயிருந்தவர் வாரன் ஜோன்சன். வகுப்பறை குளிர்கிறதா, சுடுகிறதா என்று பார்க்கக் காவலாளி அடிக்கடி உள்ளே வந்து, பின் நிலவறைக்குச் சென்று உலையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அறையின் வெப்பநிலையை மின்மணியின் மூலம் உலையறைக்கு அறிவிக்கும் கருவியொன்றை ஜோன்சன் அமைத்து, 1883இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அன்று காவலாளியின் கால்நடை குறைந்தது. இன்றோ பத்து ஊர்களிலுள்ள பத்துக் கட்டடங்களை ஒருவர் ஒரே திரையிற் பார்க்கிறார். எங்கேனும் குளிரறை வெப்பமேறினால் அவரது கைத்தொலைபேசி அக்கணமே எச்சரிக்கிறது.

இதனால் மிச்சமாவது என்ன? ஓர் எளிய கணக்கைச் சொல்கிறேன். விசிறியொன்றின் வேகத்தை ஐந்திலொரு பங்கு குறைத்தால், அது உண்ணும் மின்சாரம் ஐந்திலொரு பங்கு மட்டுமன்றி ஏறக்குறைய அரைவாசியே குறைந்துவிடும். ஏனெனில் மின்வலு வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது. அறையில் ஆள் குறைந்தவுடன் வேகத்தைக் குறைக்க மனிதனுக்கு நேரமுமில்லை, நினைவுமில்லை. யந்திரத்துக்கு இரண்டும் உண்டு.

அளப்பதன் பயனுக்கு இந்தியாவில் ஒரு நல்ல சான்று உண்டு. இன்போசிஸ் நிறுவனம் ஐதராபாத்தில் 2011இல் திறந்த கட்டடமொன்றின் ஒரு பாதியில் வழக்கமான குளிர்காற்று முறையையும், மறுபாதியில் குளிர்நீர்க் குழாய்களால் தளத்தைக் குளிர்விக்கும் முறையையும் அமைத்தது. இரண்டையும் மானிகள் இடைவிடாது அளந்தன. குளிர்நீர் முறை 34 சதவீதம் குறைவான சக்தியையே செலவிட்டது. அளந்திராவிடில் இவ்வுண்மை வெறும் அபிப்பிராயமாகவே நின்றிருக்கும்.

நம் நாட்டிலே இச்சிக்கனம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம். அவ்வாண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது. பின்னர் குறைக்கப்பட்டதாயினும், அந்நாட்களில் சிறு வியாபாரிகள் பட்டபாட்டை நாம் மறக்கவில்லை. பெரும் பாவனையாளருக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை அலகுக்கு உச்சக் கட்டணம். அதற்கு மேலாக, மாதத்தில் ஒருமுறை எட்டிய அதிகூடிய கேள்விக்கும் தனிக் கட்டணம். எல்லாக் குளிரூட்டிகளும் ஒரே வேளையில் இயங்கத் தொடங்கினால் அம்முழு மாதத்துக்கும் தண்டம் கட்டுவது போலாகும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இயக்குவது தன்னியக்க முறைக்கு மிக இலகுவான வேலை.

ஆயின் நண்பர்களே, நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் என்னும் அங்காடி நிறுவனத்தில் ஏறத்தாழ 4 கோடி வாடிக்கையாளரின் வங்கி அட்டை விபரங்கள் களவுபோயின. களவாளிகள் நுழைந்த வழி யாது? குளிர்சாதன வேலை செய்த ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்திருந்த கடவுச்சொல்! 2016 நவம்பரில் பின்லாந்தின் லப்பேன்ரன்ரா நகரில், வலையமைப்பின்மீது நடந்த தாக்குதலால் இரு குடியிருப்புக் கட்டடங்களின் வெப்பமூட்டும் கணினிகள் திரும்பத் திரும்ப நின்று தொடங்கின. குளிர்காலத்தில் மக்கள் வெப்பமின்றி வாடினர். துருசின் திறவுகோலை வழிப்போக்கனிடம் கொடுத்துவிட்டு வயலிலே நீரில்லையென்று அழுவதால் ஆவதென்ன?

எனவே நம்மவர் இம்முறையைத் தழுவும்போது மூன்று விடயங்களைக் கைக்கொள்ள வேண்டும்.

முதலாவது, பொது மொழி. வெவ்வேறு கம்பனிகளின் கருவிகள் தம்முட் பேசுவதற்கென 1987இல் தொடங்கிய முயற்சியால் 1995இல் பக்நெற் என்னும் பொது நெறிமுறை வெளியாயிற்று. 2003இல் அது சர்வதேச நியமமுமாயிற்று. இத்தகைய பொது மொழி பேசும் கருவிகளையே வாங்குக. இல்லையேல் ஒரு வால்வு பழுதானாலும் விற்ற கம்பனியின் வாசலிலேயே காத்துக்கிடக்க நேரிடும்.

இரண்டாவது, காவல். கட்டடத்தை இயக்கும் வலையமைப்பும் கணக்கு வழக்குகளின் வலையமைப்பும் வேறு வேறாக இருக்கட்டும். வாங்கியபோதிருந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுக. இணையம் அறுந்தாலும் கையால் இயக்கத்தக்க ஆளி சுவரில் இருந்தே தீரவேண்டும்.

மூன்றாவதே தலையாயது: ஆள். யந்திரத்தைப் பூட்டுபவரும் பழுது பார்ப்பவரும் தொலைவிலிருந்து வந்துபோகும் நிலை நீடித்தால், மிச்சமாகும் பணமும் அவர்களுடனேயே போய்விடும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உண்டு. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்தியங்கத் தொடங்கிற்று. கற்க வாசல்கள் திறந்துள்ளன. நம் வாலிபர் கடல்கடந்து செய்யும் வேலையை இங்கேயே செய்ய இதனால் ஒரு வழி பிறக்கும்.

இதற்குப் பெரும் முதல் வேண்டியதில்லை. நம் சங்கத்தவர் சிலர் சேர்ந்து, இசைவு தரும் கடைகளில் இரவு பூட்டும்போதும் காலையில் திறக்கும்போதும் மின்மானியைப் பார்த்து ஒரு மாதம் குறித்து வருவோமாக. ஆளில்லா வேளையில் ஓடிய அலகுகள் எத்தனை, அவற்றுள் குளிர்பெட்டிக்கு வேண்டியவை போக வீணானவை எத்தனை என்பது தெரியவரும். வீணைக் கண்டவனே அதைத் தடுக்கும் கருவியையும் தேடுவான். கொப்பியும் பென்சிலும் கொண்டு அளக்கப் பழகாதவனுக்குக் கணினித் திரை வெறும் படக்காட்சியாகவே இருக்கும்.

குளத்தை நம் முன்னோர் கட்டியதோடு நின்றுவிடவில்லை. நீரை அளந்து திறக்கத் தெரிந்தவனையும் ஊரிலேயே வைத்திருந்தனர். புதிய கட்டடங்களுக்கும் அத்தகையோர் நம்மிடையே தோன்றவேண்டும்.