மணி அடித்தும் கதவு திறக்காதது ஏன்?

(பத்து காவானில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவர்கள் இருக்கும் மேடையில் மருத்துவம் படிக்காத எனக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நான் படித்தது தகவல் தொடர்புத் துறையில் ஒரு டிப்ளோமா. அங்கே முதல் நாள் சொல்லிக் கொடுத்தது இதுதான்: அனுப்பிய செய்தி போய்ச் சேர வேண்டும், சேர்ந்த செய்தி புரிய வேண்டும், புரிந்தது செயலாக மாற வேண்டும். இந்த மூன்றில் ஒன்று அறுந்தாலும் ஒலிபெருக்கியை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் பயனில்லை.

நம் உடலில் 30 டிரில்லியனுக்கும் மேற்பட்ட உயிரணுக்கள் இருக்கின்றன. நம் கணக்கில் 30 லட்சம் கோடி. கண்ணுக்குத் தெரியாத இந்த உயிரணுக்கள் ஒவ்வொரு நொடியும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தி ஓரிடத்தில் அறுந்து போவதைத்தான் நாம் இனிப்புநீர் என்கிறோம்.

இன்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது மகிழ்ச்சிதான். ஆனால் நம் வீடுகளில் மெத்தையடியில் மாத்திரை அட்டையும் குளிர்சாதனப் பெட்டியில் இன்சுலின் பேனாவும் இருப்பது இன்னும் சாதாரணக் காட்சியாகத்தான் இருக்கிறது.

அதைவிட வருத்தம் தருவது இன்னொன்று. "இன்சுலின் போடச் சொல்லிவிட்டார்கள், இனி கதை முடிந்தது" என்று சொல்லி, கிளினிக் பக்கமே போகாமல் இருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஊசிக்குப் பயந்து கால் விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். உயிரணுவுக்குள் நடப்பது என்ன என்று தெரிந்தால் இந்தப் பயம் பாதி குறையும் என்பது என் நம்பிக்கை.

வாசலில் நடப்பது என்ன?

காலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிடுகிறோம். அதிலிருந்த மாவும் சீனியும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. கணையத்தில் இருக்கும் பீட்டா உயிரணுக்களுக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது. குளுக்கோஸ் அவற்றுக்குள் நுழைந்து எரிந்து, ஏடிபி என்ற சக்தி மூலக்கூறாகிறது. ஏடிபி கூடியதும் பொட்டாசியம் வெளியேறும் வழி அடைபடுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. அந்தக் கால்சியம்தான், தயாராக இருக்கும் இன்சுலின் பொட்டலங்களை இரத்தத்தில் அவிழ்த்துவிடும் உத்தரவு.

இன்சுலின் ஒரு சிறிய புரதம். 51 அமினோ அமிலங்கள் இரண்டு சங்கிலிகளாகக் கோத்தது. அதன் வரிசையை முழுமையாகக் கண்டறிந்ததற்காக பிரிட்டனின் பிரெடெரிக் சாங்கருக்கு 1958இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்சுலினைச் 'சாவி' என்று எளிமைக்காகச் சொல்வார்கள். நாம் இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பத்து காவான் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு தொழிற்சாலைக்குச் சரக்கு லோரி வருகிறது. வாசலில் காவலர் சாவடி. யாரோ மணி அடிக்கிறார்கள். காவலர் உள்ளே தொலைபேசியில் சொல்கிறார். உள்ளே இருப்பவர் கிடங்குக்குச் சொல்கிறார். கிடங்கில் உள்ளவர் வந்து சரக்கு வாசலைத் திறக்கிறார். மணி அடித்தவர் வாசலைத் திறக்கவில்லை. அவர் செய்தி மட்டும் சொன்னார்.

இன்சுலின் செய்வதும் அவ்வளவே. தசை உயிரணுவின் சுவரில், பாதி வெளியேயும் பாதி உள்ளேயும் இருக்கும்படி ஓர் ஏற்பி இருக்கிறது. அதுதான் காவலர். இன்சுலின் வந்து வெளிப்பகுதியைத் தொட்டவுடன் உள்பகுதி விழித்துக்கொள்கிறது. தன் மீதே பாஸ்பேட் என்ற சிறிய துணுக்கை ஒட்டிக்கொள்கிறது. பிறகு பக்கத்தில் இருக்கும் புரதத்தின் மீது ஒட்டுகிறது. அது அடுத்ததைத் தூண்டுகிறது. இப்படியே செய்தி கைமாறிக் கைமாறி உள்ளே போகிறது. கடைசியில், உயிரணுவின் உட்புறத்தில் சிறு பைகளில் அடைந்து கிடக்கும் குளுட்-4 என்ற புரதங்கள் மேலெழுந்து சுவரில் பொருந்துகின்றன. அவைதான் சரக்கு வாசல். அதன் வழியாகவே குளுக்கோஸ் உள்ளே போகிறது. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இன்சுலின் குறைந்ததும் வேறு புரதங்கள் வந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். வாசல்கள் மறுபடி உள்ளே போய்விடும்.

பாஸ்பேட்டை ஒட்டினால் விளக்கு எரியும், கழற்றினால் அணையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையைக் கண்டறிந்த எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் இருவருக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனவர். சைரஸ் பிஸ்க் என்பவருடன் சேர்ந்து, உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். அந்த வழியில் போய், 1929இல் தசையில் ஏடிபியைக் கண்டவர்களில் ஒருவரானார். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக அதைக் கண்டறிந்தார். உயிரணு தன் செய்திகளில் ஒட்டும் பாஸ்பேட் துணுக்கு அந்த ஏடிபியிலிருந்துதான் வருகிறது. சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்காவது அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

செய்தி எங்கே அறுகிறது?

இனிப்புநீரில் முக்கியமானவை இரண்டு வகை. முதல் வகையில் உடலின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா உயிரணுக்களை அழித்துவிடுகிறது. மணி அடிக்க ஆளே இல்லை. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன் அந்த நோய் வந்த பிள்ளைகள் பட்டினியில் மெலிந்து இறந்தார்கள். அவனோ மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. இதில் மணி அடிக்கிறது. தொடக்கத்தில் வழக்கத்தைவிடப் பலமாகவே அடிக்கிறது. ஆனால் உள்ளே செய்தி போகவில்லை. கல்லீரலிலும் தசையிலும் தேவைக்கு மேல் கொழுப்பு சேர்ந்துவிட்டால், ஏற்பிக்கும் வாசலுக்கும் இடையே உள்ள தொடர்பில் அது குறுக்கிடுகிறது. வயிற்றுக் கொழுப்பிலிருந்து வரும் அழற்சிச் செய்திகளும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. காவலர் தொலைபேசியை எடுக்கிறார், மறுமுனையில் இரைச்சல். பீட்டா உயிரணுக்கள் மேலும் மேலும் இன்சுலினை அனுப்பிப் பார்க்கின்றன. பல ஆண்டுகள் இப்படி உழைத்துக் களைத்துப்போகின்றன. அப்போதுதான் இரத்தத்தில் சீனி ஏறுகிறது. அதாவது, கிளினிக்கில் நமக்குத் தெரிய வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கோளாறு தொடங்கிவிட்டது.

எனவே, ஒருவருக்கு இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தால் அது தண்டனை அன்று. களைத்துப்போன உயிரணுக்களுக்குத் துணைக்கு ஆள் அனுப்புகிறோம், அவ்வளவுதான். உடலில் இயற்கையாக ஊறும் அதே பொருள்தான் அது. 1982 முதல், மனித இன்சுலினை நுண்ணுயிர்களைக் கொண்டே தயாரித்து விற்கிறார்கள்.

"அவர் இனிப்பை அள்ளித் தின்றார், அதனால் வந்தது" என்று உறவுக்காரர்கள் பேசுவதையும் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். உணவு ஒரு காரணம். மரபு, இடுப்புச் சுற்றளவு, உட்கார்ந்த வேலை, வயது எல்லாம் காரணங்கள். மெலிந்த தோற்றம் உள்ள இந்தியருக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கலாம். அதனால்தான் ஆசியர்களுக்கு இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். பழிச்சொல்லுக்குப் பயந்து நோயை மறைப்பவர் மருந்தையும் மறைக்கிறார். அதன் விலையைச் சிறுநீரகமும் கண்ணும் கொடுக்கின்றன.

கவலைக்கும் சீனிக்கும் என்ன தொடர்பு?

"நான் இனிப்பே தொடவில்லை, ஆனாலும் சீனி ஏறியிருக்கிறது" என்று நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைக்கும் நேயர்கள் அடிக்கடி சொல்வார்கள். இதற்கும் உயிரணுவில் பதில் இருக்கிறது. கோபம், பயம், கவலை வரும்போது அட்ரினலின் சுரக்கிறது. அதுவும் கல்லீரல் உயிரணுவுக்குள் போவதில்லை. வெளியே ஏற்பியைத் தொடுகிறது. உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற இரண்டாவது தூதர் பிறக்கிறார். அவர் படிக்குப் படி செய்தியைப் பெருக்கி, கல்லீரலில் சேமித்த குளுக்கோஸை இரத்தத்தில் இறக்குகிறார். இந்த இரண்டாவது தூதரைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லேண்டுக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. புலி துரத்தினால் ஓடுவதற்கான ஏற்பாடு அது. இன்று புலி இல்லை, வீட்டுக் கடன்தான் துரத்துகிறது. நாமோ ஓடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்.

பின்வாசல் ஒன்று இருக்கிறது

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். முன்வாசல் மணி கேட்காவிட்டாலும் தசை உயிரணுவுக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. தசை சுருங்கி விரியும்போது உள்ளே சக்தி குறைகிறது. அதை உணரும் புரதங்கள், இன்சுலினுக்குக் காத்திராமலே அதே குளுட்-4 வாசல்களை மேலே கொண்டுவருகின்றன. இனிப்புநீர் உள்ளவருக்கும் இந்த வழி வேலை செய்கிறது. நடந்து முடித்த பிறகும் பல மணி நேரம் தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவி கொடுக்கிறது. சாப்பிட்டபின் நடக்கச் சொல்வது பாட்டி வைத்தியம் அன்று, மூலக்கூறு அறிவியல்.

இதற்குச் சென்னையிலிருந்தே சான்று இருக்கிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், இனிப்புநீர் வரும் நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. மூன்று ஆண்டுகளில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்துவிட்டது. உணவையும் நடைப்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தியவர்களில் 39.3 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. இரண்டும் நம்மைப் போன்ற உடல்வாகு உள்ள மக்கள்தாம்.

நாம் கூடியிருக்கும் இந்தப் பத்து காவான் ஒரு காலத்தில் தோட்டப்புறம். நம் முன்னோர் வெயிலில் நடந்து உழைத்த மண். 2014 மார்ச்சில் இரண்டாவது பாலம் திறந்தது, தொழிற்பேட்டை வளர்ந்தது, வேலை நாற்காலிக்கு மாறியது. உணவின் அளவு மட்டும் தோட்டத்துக் காலத்து அளவிலேயே நின்றுவிட்டது. இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். தோலில் ஒட்டிக்கொண்டு சில நிமிடங்களுக்கு ஒரு முறை குளுக்கோஸை அளக்கும் கருவியைத் தயாரிக்கும் டெக்ஸ்காம் நிறுவனம் தன் ஆலையை இதே பத்து காவானில் அமைத்திருக்கிறது. தோலுக்கடியில் இருக்கும் மெல்லிய கம்பியில் ஒரு நொதி பூசியிருப்பார்கள். அது குளுக்கோஸோடு வினைபுரியும்போது பிறக்கும் சிறு மின்னோட்டத்தைத்தான் கைப்பேசி எண்ணாகக் காட்டுகிறது. உலகுக்கு அளவுமானி செய்து அனுப்பும் ஊரில் இருப்பவர்கள், தம் அளவு தெரியாமல் இருக்கலாமா?

மூன்று வேண்டுகோள்

முதலாவது, பரிசோதனை. கிளினிக் போவதற்கு இரண்டு நாள் முன்னதாக மட்டும் தே ஓ கோசோங் குடித்துத் தாதியை ஏமாற்ற முடியாது. எச்பிஏ1சி என்ற பரிசோதனை, சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சீனியை அளக்கிறது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. மூன்று மாதக் கணக்கும் அதில் எழுதியிருக்கும்.

இரண்டாவது, சாப்பிட்டபின் நடை. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். சீனி திடீரென இறங்கினால் வாயில் போட ஏதாவது இனிப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். "உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது" என்பது சான்று ஆகாது. உயிரணுக்கள் சத்தம் போட்டு அழுவதில்லை. கண்ணும் காலும் முறையிடும்போது பல நேரம் காலம் கடந்திருக்கும்.

ஊசி போட மறுத்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பாவோ, அக்காவோ, மாமாவோ உங்களுக்கு இருந்தால், இன்றிரவே பக்கத்தில் போய் உட்காருங்கள். திட்ட வேண்டாம். வாசலில் மணி அடிக்கும் கதையைச் சொல்லுங்கள். நாளைக் காலையில் நீங்களே கிளினிக்குக் கூட்டிப்போங்கள். செய்தி போய்ச் சேர்ந்தால்தான் அது செய்தி.