பழைய மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு

(தோட்ட இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



அப்பாமாரின் சேமலாப நிதிக் காசைப் போட்டு, நாலு பேர் கூட்டாகப் பழைய மெஷின் ஒன்று வாங்கலாமா என்று எம்மிடம் கேட்கிறீர்கள். சில்லுக்குப் பதிலாக ரப்பர் செயினில் ஓடுகிற சின்ன பொப்கட்டைத்தான் கேட்கிறீர்கள். நாமும் அப்படி வாங்கிய நாலு பேர்தான். பட்டதைச் சொல்லுகிறோம்.

ஈரமண்ணில் அது லேசில் புதையாது. பாரத்தைச் செயின் முழுக்கப் பரப்பிக்கொண்டு போகும். மண் தள்ள, கல் அள்ள நல்ல மெஷின். ஆனால், காசைத் தின்பதும் அந்தச் செயின்தான்.

பார்க்கப் போன அன்று பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஓடிய மணித்தியாலம் காட்டும் மீற்றரும் குறைவாகத்தான் காட்டியது. மயங்கிப் போனோம். செயினை இழுக்கிற பல்சக்கரத்தைக் குனிந்து பார்க்கவில்லை. பல்லெல்லாம் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் புதுச் செயின் மாட்டிவிட்டோம். தேய்ந்த பல் புதுச் செயினையும் கடித்துக் கெடுத்தது. ஒரு வருஷத்து உழைப்பு அதோடு போச்சு. விற்றவரைக் குறை சொல்லி என்னங்க, பார்க்காதது நாம்தானே.

நீங்கள் போகும்போது விஷயம் தெரிந்த ஒரு பாஸைக் கூட்டிப் போங்க. எஞ்சினைத் தொட்டுப் பாருங்க. முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏனென்று கேளுங்க. உருளைகளில் எண்ணெய் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்க.

வாங்கிய பிறகு, அன்றன்றைக்குச் செயினுக்குள் அடைந்த மண்ணை அன்றைக்கே தள்ளிவிட வேண்டும். விடியும்போது அது இறுகி உருளையைப் பிடித்துக்கொள்ளும். செயின் தளர்ந்தால் திரும்பும்போது கழன்றுவிடும், அதிகம் இறுகினால் சீக்கிரம் தேயும். மெஷினோடு வரும் புத்தகத்தில் உள்ள அளவுப்படியே வையுங்க. கல்லுத் தரையில் நின்ற இடத்திலேயே சுழற்றினால் ரப்பர் கிழியும். சரிவில் ஏறும்போது பாரமான பக்கம் மேலே இருக்க வேண்டும். பக்கெட் வெறுமையாக இருந்தால் பின்பக்கமாகத்தான் ஏற வேண்டும்.

தூக்கி நிற்கிற கைக்கு இரும்புத் தாங்கி போடாமல் யாரும் அடியில் போகக் கூடாது. ஹைட்ரோலிக் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீங்க, மட்டையொன்றைப் பிடித்துப் பாருங்க. அந்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தினது மாதிரித்தான் தெரியும். ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மலைச்சரிவை வெட்டித் தரச் சொல்லியும் ஹயர் வரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி இல்லாத இடத்துக்கு நாம் மெஷினை இறக்குவதில்லை. காசு போனால் போகட்டும்.

இப்போது ஹயர் காசை ஐந்தாகத்தான் பிரிக்கிறோம். ஐந்தாவது பங்கு செயினுக்கு.

கழற்றிய அந்தப் பல்சக்கரத்தைக் கொண்டுவந்திருக்கிறோம். அதோ, வாசல் பக்கத்தில் இருக்கிறது. போகும்போது தொட்டுப் பாருங்க.