கடல் காணாத கள்ளத்தோணி



மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் இல்லை. எந்தத் திசையில் போனாலும் வேறொரு மாவட்டத்தைத் தாண்டித்தான் கடலைக் காணலாம். அப்படிப்பட்ட ஊரிலே தமிழ் படிப்பிக்கும் ஒருவன், இந்த இலக்கியத் தொடரில் தோணிகளைப் பற்றியும் எஞ்சின் பூட்டிய வள்ளங்களைப் பற்றியும் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். வகுப்பறையில் நடந்த ஒரு சிறு சம்பவந்தான் இதற்குக் காரணம்.

தரம் பதினொன்று மாணவர்களுக்கு அன்மொழித்தொகையை விளக்கிக்கொண்டிருந்தேன். 'பொற்றொடி வந்தாள்' என்பது எல்லா ஆசிரியர்களும் காட்டும் உதாரணம். பொற்றொடி என்றால் பொன்னாற் செய்த வளையல். வந்தது வளையல் அல்ல, அதை அணிந்த பெண். சொல்லிலே இல்லாத ஓர் ஆளைச் சொல் சுட்டி நிற்கிறது. இதைச் சொல்லிவிட்டு, "வழக்கில் உள்ள வேறோர் உதாரணம் சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்டேன். பின்வரிசையில் இருந்த தோட்டத்துப் பையன் ஒருவன் எழுந்து, "கள்ளத்தோணி, சேர்" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "எங்க தாத்தாவ அப்பிடித்தான் கூப்பிடுவாங்களாம். தோணியச் சொல்லல, ஆளத்தான் சொன்னாங்க" என்றான்.

இலக்கணப்படி அந்த விடை முற்றிலும் சரி. நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போன பின்பும் அந்தச் சொல் என்னை விடவில்லை. ஏனென்றால் என் தந்தையாரையும் ஒரு பஸ் வண்டியிலே, நான் பக்கத்தில் நிற்கும்போதே, அப்படித்தான் அழைத்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்து, பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு மூடினார். அவ்வளவுதான்.

நேயர்களே, தமிழிலே கடலோடும் கலங்களுக்குப் பெயர்ப் பஞ்சம் கிடையாது. வங்கம், நாவாய், அம்பி, பஃறி, திமில், ஓடம், தோணி என்று பழைய இலக்கியம் அடுக்கிக்கொண்டே போகும். அவற்றுள் எதன் முன்னும் 'கள்ள' என்ற அடைமொழி நான் படித்த அளவில் இல்லை. கலத்துக்குக் கள்ளம் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது?

முதலில் எங்கள் மக்கள் எப்படி வந்தார்கள் என்று பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தமிழகத்துக் கரையிலிருந்து மன்னார்க் கரைக்கு வந்திறங்கி, காட்டுப் பாதையிலே நூறு மைலுக்கு மேல் நடந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே இறந்தவர்கள் ஏராளம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கிய பிறகு நடை குறைந்தது. மண்டபம் முகாமிலே தடுத்து வைத்து, நோய் பார்த்து, அதன் பிறகுதான் கப்பலில் ஏற்றினார்கள். ஆளுக்கொரு தகரத் துண்டு கொடுத்தார்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பது அதிலே பொறிக்கப்பட்டிருக்கும். என் பூட்டன் அதைக் கழுத்திலே கட்டிக்கொண்டுதான் வந்தாராம். தோட்டத்து இலக்கத்தைத் தகரத்திலே பொறித்து, அரசாங்கத்தின் கண்ணெதிரே, கங்காணியின் கணக்கிலே கடனோடு வந்த மனிதர் அவர். இதைவிட வெளிப்படையாக ஒருவர் ஒரு நாட்டுக்குள் எப்படி வருவது?

பிறகு சட்டங்கள் வந்தன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்தவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதே ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தோடு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் கடலைக் கடப்பது குற்றமாயிற்று. 1952இல் தென்னிந்தியாவிலிருந்து அனுமதியின்றி வருவோரைத் தடுக்க இராணுவம் கடற்படைக்குத் துணையாகக் கரைக்கு அனுப்பப்பட்டது. 1963இல் அதற்கென்றே தனிப்படை அமைத்து 1981 வரை வைத்திருந்தார்கள். இரவோடிரவாக வந்திறங்கியவர்கள் இருந்தார்கள் என்பது உண்மைதான். அவர்களுக்குப் பிறந்த பெயர், மூன்று தலைமுறைக்கு முன் மலை ஏறியவனின் பேரன்மீதும் ஒட்டப்பட்டது.

இனி உண்மையான தோணிக்கு வருவோம். வடமராட்சியிலே வல்வெட்டித்துறை என்றொரு கடற்கரை ஊர். அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வை மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. பர்மாவோடும் இந்தியக் கரையோடும் தலைமுறை தலைமுறையாக வாணிபம் செய்த ஊர் அது. எதிரே கோடிக்கரை, இடையில் அறுபது கிலோ மீற்றர் அளவான கடல். அதை 1954இல் நவரத்தினசாமி நீந்தியே கடந்தார். 1971இல் ஆனந்தன் போய்த் திரும்பி இரு தடவை நீந்தினார். மனிதன் நீந்திக் கடக்கக்கூடிய கடலைச் சட்டம் இரண்டாகப் பிரித்தபோது, நேற்றுவரை வாணிபமாக இருந்தது ஒரே இரவிலே கடத்தலாக மாறிவிட்டது.

பாயை நம்பிய காலத்தில் சோளகமா வாடையா என்று பார்த்து இறங்க வேண்டும். ஓரிரவு முழுவதும் ஓட வேண்டும். வெளியே பூட்டும் எஞ்சின் வந்ததும் கணக்கே மாறியது. பின்னணியத்தில் ஒன்றுக்கு இரண்டாக எஞ்சின் பூட்டிய வள்ளம் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் அக்கரை சேர்ந்துவிடும். நிலவில்லாத இரவாகப் பார்த்து, விளக்கில்லாமல், நட்சத்திரத்தையும் நீரோட்டத்தையும் கணித்து ஓட்டுவார்கள். கடற்படையின் படகு தேடி வந்தால் ஆழமில்லாத இடத்துக்குள் புகுந்துவிடுவார்கள். நல்ல ஓட்டி ஒருவனுக்குக் கரையிலே இருந்த மதிப்பு பெரிய உத்தியோகத்தனுக்கும் இருந்ததில்லை என்று, அக்கரையில் பிறந்து எங்கள் ஊரிலே படிப்பித்து ஓய்வு பெற்ற முதிய ஆசிரியர் ஒருவர் எனக்குச் சொன்னார். எந்த வள்ளத்துக்கு எத்தனை குதிரைவலு என்பது சிறுவர்களுக்கு வாய்ப்பாடு போல மனப்பாடமாம். கோயில் திருவிழாவின் மின்விளக்கு அலங்காரத்திலே அந்தப் பணமும் சேர்ந்து எரிந்ததாம்.

என்ன ஏற்றினார்கள்? இங்கே 1970களில் இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்த காலத்தில், இந்தியச் சேலையும் சாரமும் பீடி இலையும் இக்கரைக்கு வந்தன. இந்தியாவிலே 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை இருந்தது. ஆகவே தங்கம் அக்கரைக்குப் போயிற்று. 1977க்குப் பின் இங்கே கதவு திறந்ததும் ஜப்பானிய றேடியோக்களும் டேப் றெக்கோடர்களும் போயின. எங்கள் மாத்தளை மண்ணில் விளைந்த கராம்பும் அப்படிக் கடல் கடந்ததாக இங்குள்ள முதியவர்கள் சொல்வதுண்டு. இரண்டு அரசாங்கங்களும் எதை எதைத் தடுத்தனவோ, அதற்கெல்லாம் அந்த வள்ளங்களிலே இடம் இருந்தது.

என் அப்பாயியிடம் ஒரு நைலெக்ஸ் சேலை இருந்தது. தலையிலே மூட்டை சுமந்து லயம் லயமாக வரும் வியாபாரி ஒருவரிடம் தவணை முறையில் வாங்கியது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மாதம் பஞ்சரதம் இழுக்கும் நாளில் மட்டுந்தான் கட்டுவார். "இது கள்ளக் கடல்ல வந்த சேல, பத்திரம்" என்று சொல்லிச் சிரிப்பாராம். சேலை உண்மையிலேயே கள்ளத்தோணியில் வந்தது. அதை ஒருவரும் பழிக்கவில்லை. அழகாக இருக்கிறது என்றார்கள். அதைக் கட்டியிருந்த அப்பாயி இந்த மண்ணிலே பிறந்தவர். பெயர் அவருக்கு வந்தது.

கடத்தலை நான் புகழ்வதாக யாரும் எண்ண வேண்டாம். கடலில் போய்த் திரும்பாத ஓட்டிகளின் வீடுகளும் அந்தக் கரையில் உண்டு. பணத்துக்காக ஓடிய வள்ளங்கள் பின்னர் போருக்காகவும் ஓடின. அந்த அழிவை நாம் எல்லோரும் அறிவோம்.

இந்தக் கடலை நம் இலக்கியம் தொடாமல் இல்லை. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யிலே தோட்டத்துக்கு வந்தவர்களின் துயரத்தை எழுதினார். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவுக் கரையை நமக்குக் காட்டியது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் வரும் கடற்பயணத்தைப் படித்தவர் மறக்கமாட்டார். ஆனால் வடக்கின் கடலும் மலையகத்தின் பாதையும் ஒரே கதையிலே சந்திப்பதை நான் அதிகம் கண்டதில்லை. அப்படிச் சந்தித்த இடம் ஒன்று என் குடும்பத்திலேயே இருக்கிறது.

1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தவர் பலர் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினார்கள். என் அத்தையின் குடும்பமும் போனது. காடு வெட்டிக் கச்சான் நட்டார்கள். 1990இல் போர் அங்கேயும் துரத்தியது. மன்னார்க் கரையிலே, பேசாலைக்கு அருகில், ஓர் இரவு எஞ்சின் பூட்டிய வள்ளமொன்றில் ஏறினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நடந்து, பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஏறியதாக அத்தை சொன்னார். வள்ளம் சேர்ந்தது இராமேஸ்வரம். அங்கிருந்து கொண்டுபோய் விட்ட இடம் மண்டபம் முகாம். அவருடைய பாட்டனாரை இலங்கைக்கு அனுப்பும் முன் தடுத்து வைத்திருந்த அதே மண்டபம்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அத்தையோடு முதன்முறையாகத் தொலைபேசியில் பேசினேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அங்க இருந்தப்ப சும்மாவே கள்ளத்தோணின்னாங்க. இங்க நெசமாவே அதுல வந்து எறங்கிட்டோம்டா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் பதில் வரவில்லை. அவரைப் போன்ற பலர் இன்னும் எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாமல் தமிழகத்து முகாம்களிலே இருக்கிறார்கள். இங்கேயோ 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால் நாடற்றோர் என்ற நிலை பெருமளவு தீர்ந்தது. சட்டம் தீர்த்த பிறகும் சொல் தீரவில்லை என்பதைத்தான் என் வகுப்பறை காட்டியது.

வள்ளங்களும் ஓயவில்லை. 2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறியபோது, வாசனைத் திரவியத்துக்குப் பெயர்போன எங்கள் மாத்தளையிலேயே மஞ்சள் பொன்னாயிற்று. மூட்டை மூட்டையாகக் கடல்வழி வந்து பிடிபட்ட செய்தியைப் பத்திரிகைகளில் படித்தோம். 2022 மார்ச்சில், பசி தாங்காமல் மன்னார்ப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு புறப்பட்டவர்களைத் தனுஷ்கோடிக்கு அருகே ஒரு மணல் திட்டிலே இறக்கிவிட்டு வள்ளம் திரும்பிவிட்டது. இந்தியக் கரையோரக் காவல் படை அவர்களை மீட்டது. மஞ்சள் மூட்டைக்கும் மனிதருக்கும் நாம் வழங்கும் அடைமொழி ஒன்றேதான்.

மறுநாள் வகுப்பிலே அந்தப் பையனை அழைத்து, "கள்ளத்தோணி என்பதை விரித்துச் சொல்" என்றேன். 'கள்ளத்தோணியிலே வந்தவர்' என்று கரும்பலகையில் எழுதினான். "உன் தாத்தா எப்படி வந்தார்?" என்று கேட்டேன். "அவரு வரல சேர். இங்கதான் பொறந்தாரு" என்றான். "அப்படியானால் இந்த விரிவு அவருக்குப் பொருந்துமா?" என்றேன். கொஞ்ச நேரம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, நான் சொல்லாமலே, அழிப்பானை எடுத்து 'வந்தவர்' என்பதை மட்டும் அழித்தான். தோணி கரும்பலகையில் தனியே நின்றது. இந்த முறை வகுப்பிலே ஒருவரும் சிரிக்கவில்லை.