மலிவு விலையும் பதினைந்து நிமிடமும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



ஒரு சாமான் மலிவாகக் கிடைத்தால் நமக்குச் சந்தோஷம்தான். குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் நாம். ஆனால் அந்த விலையைக் குறைக்க யாருடைய பங்கில் கை வைத்தார்கள் என்றும் தொழிற்சங்கக்காரர்களாகிய நாம் கேட்க வேண்டும். அதற்காகப் பிரித்தானியாவின் ஒரு கம்பனியின் வரலாற்றைப் பார்ப்போம்.

1982இல் மைக் ஆஷ்லி என்ற இளைஞர் மேய்டன்ஹெட் நகரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையைத் திறந்தார். அதுவே 'ஸ்போர்ட்ஸ் டிரெக்ட்' என்று நாடெங்கும் பரவியது. டன்லப், ஸ்லாசெஞ்சர், லொன்ஸ்டேல், மலையேறுவோரின் முதுகுப்பைக்குப் பேர்போன கரிமோர் ஆகிய பழைய பெயர்களைக் கம்பனி வாங்கியது. சனங்களுக்குப் பழகிய அந்தப் பெயர்களைப் போட்டுச் சப்பாத்தும் ஜாக்கெட்டும் மலிவாக விற்றது. 2007இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, ஆஷ்லி தன் பங்குகளில் ஒரு பகுதியை விற்றே 90 கோடி பவுணுக்கு மேல் பெற்றார்.

கம்பனியின் பெரிய களஞ்சியசாலை ஷயர்புரூக் என்ற ஊரில் இருக்கிறது. 1993இல் மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடம் அது. அங்கே 3,000க்கும் மேற்பட்டோர் முகவர் நிறுவனங்கள் மூலம் வேலை செய்தார்கள். கம்பனி நேரடியாக வைத்திருந்தது ஏறத்தாழ 200 பேரைத்தான். தொழிலாளர்களில் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். பெரிய கங்காணி ஆள்கட்டிய கதையை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் அங்கே ஆறு குற்றப்புள்ளி விழுந்தால் வேலை போனது. சுகவீனத்துக்கு ஒரு புள்ளி, கழிவறையில் அதிக நேரம் நின்றால் ஒரு புள்ளி, கூடுதலாகப் பேசினாலும் ஒரு புள்ளி. வேலைக்கு ஒரு நிமிடம் பிந்தினால் 15 நிமிடச் சம்பளம் வெட்டப்பட்டது. வேலை முடிந்ததும் திருட்டுச் சோதனைக்காக வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கப்படவில்லை. அப்போது சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 6.70 பவுண். வரிசையில் நின்ற நேரத்தையும் கணக்கிட்டால் கைக்கு வந்தது 6.50 பவுண் அளவுதான். வேலையை இழந்துவிடுவோம் என்ற பயத்தில் சுகமில்லாதவர்களும் வந்தார்கள். 2013 முதல் 2016 ஏப்ரல் வரை அந்த இடத்துக்கு 110 தடவை அம்புலன்ஸ் வாகனங்கள் அனுப்பப்பட்டன. ஒரு பெண் கழிவறையிலேயே பிள்ளை பெற்றாள்.

யுனைட் தொழிற்சங்கம் இவற்றை விடாமல் வெளியே சொன்னது. 2015 டிசம்பரில் 'கார்டியன்' பத்திரிகை தன் நிருபர்களைத் தொழிலாளர்களாக உள்ளே அனுப்பி உண்மையை எழுதியது. 2016 ஜூனில் பாராளுமன்றக் குழுவின் முன் வந்த ஆஷ்லி, குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் குறைவாகக் கொடுக்கப்பட்டதை ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம் வந்த குழுவின் அறிக்கை, அந்த இடத்தை விக்டோரியா காலத்து ஏழைகளின் வேலைக்கூடத்துடன் ஒப்பிட்டது. ஓகஸ்ட்டில் ஏறத்தாழ பத்து லட்சம் பவுண் நிலுவைச் சம்பளத்தைச் சங்கம் பேசிப் பெற்றது. எல்லோருக்கும் முழு நிலுவை கிடைக்கவில்லை. முகவர் நிறுவனம் மறுத்ததால் சிலருக்குப் பாதிதான். கம்பனி இப்போது பிரேசர்ஸ் குழுமம் என்ற பெயரில் நடக்கிறது.

தோழர்களே, ஒரு நாளில் 15 நிமிடம் சிறிய விஷயமாகத்தான் தெரியும். ஆயிரக்கணக்கானவர்களுக்கு, வருடக்கணக்கில் சேர்த்துப் பார்த்தபோதுதான் அது பத்து லட்சமானது. தராசில் கழிக்கிற கிலோவும், அரைப்பேரும், மடுவத்தில் காத்து நிற்கிற நேரமும் நமக்கு அப்படித்தான். 'அதிகமாக வெட்டுகிறார்கள்' என்று சொன்னால் மட்டும் பேச்சுவார்த்தை மேசையில் எடுபடாது. எந்தத் திகதி, எந்த மலை, எத்தனை கிலோ, யாருக்கு என்ற கணக்கு வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு மலைக்கும் ஒரு கொப்பி போடுவோம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம் லயங்களில் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்வோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பிகளுடன் வாருங்கள்.